பிக்கப்பின் மூக்கைத் தூக்குவதற்கு முன்: லெவலிங் கிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஒரு குறை கண்ணில் படத் தொடங்கும். வண்டி முன்னால் குனிந்தும் பின்னால் தூக்கிக்கொண்டும் நிற்கிறது. முன்பக்கத்தை ஒன்றிரண்டு அங்குலம் உயர்த்தி அந்தக் குனிவைப் போக்கும் பாகங்களின் தொகுப்புக்குத்தான் லெவலிங் கிட் என்று பெயர். சின்ன வேலை போலத் தெரியும். பெட்டியைப் பிரித்தால் ஸ்பேசர் எனப்படும் கையளவு இரும்பு வளையம் இரண்டும் சில போல்ட்டுகளும்தான் இருக்கும். ஆனால் அந்த வளையம் ஸ்டீயரிங், ஆக்சில், ஹெட்லைட், டயர் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிடுகிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

கம்பெனியே ஏன் பின்பக்கத்தை உயர்த்தி அனுப்புகிறது? தயாரிப்பில் குறையா?

குறை இல்லை, கணக்குப் போட்டுச் செய்தது. பிக்கப் என்பது பாரம் ஏற்றப் பிறந்த வண்டி. காலியாக நிற்கும்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறத்தாழ 1 முதல் 3 அங்குலம் வரை உயர்ந்திருக்கும். தொட்டியில் சரக்கு ஏறியதும் பின் ஸ்பிரிங் அமுங்கி வண்டி சமநிலைக்கு வரும். காலியாக இருக்கும்போதே சமமாக நிற்கிற வண்டி, பாரம் ஏற்றினால் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொள்ளும். இந்த ஒரு பத்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் சமமாக்குவதால் என்ன லாபம்?

உள்ளதைச் சொன்னால், முதல் லாபம் தோற்றம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வண்டி நம் கண்ணுக்குப் பிடித்த மாதிரி நிற்க வேண்டும் என்று நினைப்பது நியாயமே. அடுத்தது, முன் சக்கரக் குழியில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, சற்றே பெரிய டயர் போடலாம். மூன்றாவது, முன் பம்பர் உயர்வதால் மேடு ஏறும்போது மோதும் வாய்ப்புக் குறைகிறது. பானெட்டுக்கு முன்னால் உள்ள சாலை நன்றாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். மூக்கு உயர்ந்தால் மறைவு கூடத்தான் செய்யும், குறையாது.

வண்டியின் அடிப்பாகம் முழுக்க உயர்ந்துவிடும் என்று எண்ணி வாங்காதீர்கள். பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் பானைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பெரிய டயர்தான் கூட்டும். பின் ஆக்சிலைப் பொறுத்தவரை இந்தக் கிட் எதையுமே மாற்றுவதில்லை.

லிஃப்ட் கிட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. லிஃப்ட் கிட் நான்கு சக்கரத்தையும் உயர்த்தும். 4 அல்லது 6 அங்குலக் கிட்டில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஃபிரேமின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், டிஃபரென்ஷியலை இறக்கும் தாங்கிகள் என்று பாதி முன்பக்கமே மாறும். லெவலிங் கிட், இருக்கிற பாகங்களின் எல்லைக்குள்ளேயே வேலை செய்கிறது. அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் வாங்குபவர்கள் தவறு செய்கிறார்கள்.

எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை எப்படி அளப்பது?

முதலில் டேப்பை எடுங்கள், கிட் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். வண்டியை மட்டமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். தரை மட்டம்தானா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தரை பல நேரம் தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் பூசப்பட்டிருக்கும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்கக் கூடாது. சற்றுத் தூரம் ஓட்டிவந்து நிறுத்தினால்தான் சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வரும்.

இப்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். நான்கு மூலையையும் எழுதி வையுங்கள். இடது வலது இரண்டும் கால் அங்குலம் வேறுபட்டால் பதற வேண்டாம். பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் ஒரே பக்கம் அமைந்த வண்டிகள் பிறவியிலேயே லேசாகச் சாய்ந்துதான் நிற்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. முன் மட்கார்டும் பின் மட்கார்டும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில வண்டிகளில் பின் வளைவு பிறவியிலேயே உயரம். மட்கார்டை மட்டும் நம்பினால் தேவைக்கு மேல் தூக்கிவிடுவீர்கள். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் அடிவிளிம்பில் ரசமட்டத்தை வைத்து, குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். வண்டி உண்மையில் எவ்வளவு குனிந்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

இதோடு முடியவில்லை. நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவிட்டு, பின்பக்கத்தை இன்னொரு முறை அளங்கள். கருவிப்பெட்டியோ டிரெய்லரோ சிமெண்டு மூட்டையோ, எதுவாக இருந்தாலும் சரி. காலி அளவுக்கும் பார அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் வாங்கப்போகும் கிட்டின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவை எடுப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பின்பக்கத்துக்குச் சரிசமமாகத் தூக்கிவிட்டால் என்ன?

நான் அப்படித்தான் செய்தேன், முதல் வண்டியில். அளந்தபோது இரண்டேகால் அங்குல வித்தியாசம் இருந்தது. இரண்டரை அங்குலக் கிட் வாங்கிப் பூட்டினேன். காலியாக நிற்கும்போது பார்க்க அருமை. முதல் தடவை தொட்டி நிறைய ஜல்லி ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பினேன். எதிரே வந்த வண்டிகள் ஒன்று விடாமல் எனக்கு விளக்கை அடித்துக் காட்டின. ஏதோ வழியில் தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் புரிந்தது. என் ஹெட்லைட் எதிர்வீட்டு மாடிச் சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மறு வாரமே ஒன்றரை அங்குல ஸ்பேசருக்கு மாறினேன்.

அதனால் என் கட்சி இது: வித்தியாசத்தில் அரை முதல் முக்கால் அங்குலத்தைப் பின்பக்கத்துக்கு விட்டுவையுங்கள். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும், பாரத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். தொட்டியில் ஒருநாளும் எதுவும் ஏற்றாதவர்கள் முழுச் சமமாக்கிக்கொள்ளலாம். அப்படி இருக்கும்போது பிக்கப் எதற்கு என்று நான் கேட்க மாட்டேன்.

கிட்டில் எத்தனை வகை? என் வண்டிக்கு எது பொருந்தும்?

வகையை நீங்கள் தேர்ந்தெடுப்பதைவிட உங்கள் வண்டியின் முன் சஸ்பென்ஷன்தான் தேர்ந்தெடுக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஷாக் அப்சார்பரைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் ஏறி, இரண்டும் ஒரே துண்டாக நின்றால் அது காயில் ஓவர் ஸ்ட்ரட். ஃபோர்டு எஃப்-150 (2004 முதல்), டொயோட்டா டக்கோமா, டன்ட்ரா போன்ற பெரும்பாலான அரை டன் (இலகுரக) மற்றும் நடுத்தர பிக்கப்புகள் இந்த வகை. இவற்றுக்கு ஸ்பேசர் கிட், அல்லது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ட்ரட்.

காயில் எங்கும் தெரியவில்லை, சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பி பின்னோக்கி ஃபிரேமின் ஓரமாக ஓடுகிறது என்றால் அது டார்ஷன் பார். ஷெவர்லே சில்வராடோ 2500எச்டி இதற்கு எடுத்துக்காட்டு. கம்பி முறுக்கிக்கொண்டே ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. அதன் பின் முனையைப் பிடித்திருக்கும் துண்டுக்குக் கீ என்று பெயர். கோணம் மாற்றி வார்த்த புதிய கீயைப் போட்டால் முன்பக்கம் உயரும்.

இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே தடியான ஆக்சில் இணைத்தால், ரேம் 2500, ஃபோர்டு எஃப்-250 ஆகியவற்றின் 4x4 போல, காயிலுக்கு மேலே வைக்கும் ஸ்பேசரோ சற்று நீளமான காயிலோ தேவை.

டார்ஷன் பார் வண்டிக்கு இருக்கிற கீயையே முறுக்கினால் போதாதா?

ஓரளவு போதும். அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகினாலே ஓர் அங்குலம்வரை கிடைக்கும் வண்டிகள் உண்டு, செலவும் இல்லை. புதிய கீ போட்டால் அதே உயரம் போல்ட்டை முழுக்கத் திருகாமலே கிடைக்கிறது. எந்த வழியில் தூக்கினாலும் கம்பியின் விறைப்பு மாறுவதில்லை. ‘முறுக்கினேன், வண்டி கல்லாகிவிட்டது’ என்பவர்கள் அனுபவிப்பது வேறொன்று. சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் தன் கீழ் எல்லையில் போய் இடிக்கிறது. ஷாக்கும் முழுக்க நீண்டு இழுபடும். நல்ல கீ கிட்டில் ஷாக்கைக் கீழிறக்கும் தாங்கிகளும் சேர்ந்தே வரும். வராத கிட்டை வாங்காதீர்கள்.

ஸ்ட்ரட்டுக்கு மேலே வைக்கும் ஸ்பேசர், காயிலுக்குள் வைக்கும் ஸ்பேசர்: எது நல்லது?

மேல் ஸ்பேசர் என்பது ஸ்ட்ரட்டின் தலைக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உட்காரும் தட்டு. ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் தன்மை அப்படியே இருப்பதால் ஓட்டம் பழையபடியே இருக்கும். அதன் கெடுதல் இரண்டு முனைகளில் தெரியும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது முன்னைவிடக் கீழே போகிறது, ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயிண்டும் ஆக்சிலும் அந்தக் கோணத்துக்குப் படைக்கப்பட்டவை அல்ல. சக்கரம் முழுக்க மேலே வரும்போது மேல் எல்லையில் இருக்கும் ரப்பர்த் தடையான பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன்பே ஸ்ட்ரட் உள்ளே அடிமட்டத்தைத் தொட்டுவிடலாம்.

உள் ஸ்பேசர் காயிலைக் கூடுதலாக அழுத்தி உயரம் வாங்குகிறது. ஸ்ட்ரட்டின் மொத்த நீளம் மாறாது, அதனால் கோணங்களுக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் கீழே தொங்கும் தூரம் சுருங்குகிறது. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தால், ஸ்ட்ரட் முழுக்க நீண்டு மேல்முனையில் மோதுகிறது என்று பொருள். பொருத்தும்போது காயிலை அமுக்கிப் பிரிக்கவும் வேண்டும்.

மூன்றாவது வழி, ஸ்ட்ரட்டையே மாற்றுவது. பில்ஸ்டைன் 5100 போன்றவற்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைப் படிப்படியாக உயர்த்தி வைக்கக் காடிகள் இருக்கும். உயர்த்திய நிலைக்கு ஏற்ற ஷாக்கும் கூடவே கிடைக்கிறது. பழைய ஷாக்கில் எண்ணெய் கசிகிறது, வண்டி நிறைய ஓடிவிட்டது என்றால் அதன் தலையில் ஸ்பேசர் வைத்து அழகு பார்ப்பதைவிட இது நல்ல முடிவு. வண்டி புதிது, ஒன்றரை அங்குலம் போதும் என்றால் மேல் ஸ்பேசரே போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

ஓர் அங்குல ஸ்பேசரை ‘இரண்டு அங்குல கிட்’ என்று விற்கிறார்களே, ஏமாற்றா?

இல்லை. கதவைக் கீலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கைவைத்து ஓர் அங்குலம் தள்ளிப் பாருங்கள். கைப்பிடி இருக்கும் ஓரம் இரண்டு அங்குலம் நகரும். கீழ்க் கன்ட்ரோல் ஆர்மும் அப்படித்தான். ஃபிரேமில் கீல், வெளி முனையில் சக்கரம், நடுவில் எங்கோ ஸ்ட்ரட்டின் கால். எனவே ஓர் அங்குலத் தடிமன் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலமாகிறது. சரியான விகிதம் வண்டிக்கு வண்டி மாறும்.

கிட் வாங்கும்போது ‘இது ஸ்பேசரின் தடிமனா, கிடைக்கும் உயரமா’ என்று கேட்டுவிடுங்கள். இரண்டு அங்குலத் தடிமனை இரண்டு அங்குல உயரம் என்று எண்ணி வாங்கியவர்கள் நாலு அங்குலம் தூக்கிவிட்டு ஆக்சிலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்றை அடுக்குவதும் இதே பாவம்தான்.

இரும்பா, அலுமினியமா, பாலியூரித்தேனா?

மூன்றுமே பாரத்தைத் தாங்கும். பனிக்கு உப்புத் தூவும் சாலைகளிலும் கடற்கரைக் காற்றிலும் அலுமினியமும் இரும்பும் ஒட்டிய இடத்தில் அரிப்பு வரும், நடுவில் பூச்சு நன்றாக இருக்க வேண்டும். பாலியூரித்தேன் துருப்பிடிக்காது. போல்ட்டுத் துளைகள் துல்லியமாக இருக்கின்றனவா, போல்ட்டின் தரக்குறி தலையில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்டின் நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

4x4 வண்டிக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் ஆக்சிலின் இரு முனையிலும், சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட் இருக்கிறது. வண்டி உயர உயர அது செங்குத்தாகச் சாய்ந்து ஓட வேண்டியிருக்கிறது. கோணம் கூடினால் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றையொன்று உரசும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும், பிறகு வளைவில் திரும்பும்போது கடகடவென்று சத்தம். மாதம் ஒருமுறை சக்கரத்தின் உள்விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் உறை போய்விட்டது.

காயில் ஓவர் 4x4 வண்டிகளுக்குப் பொதுவாக இரண்டு அங்குலத்துக்குள் நின்றுகொள்வது நல்லது. டிஃபரென்ஷியலை ஓர் அங்குலம் இறக்கும் துண்டுகள் சில கிட்டில் வரும். கோணத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அதை நம்பி மூன்று அங்குலத்துக்குப் போகலாம் என்பது விற்பவர் வாதம்.

மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றியே ஆக வேண்டுமா?

ஒன்றரை அங்குலத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டரையை நெருங்கும்போது இரண்டு அறிகுறிகளைத் தேடுங்கள். சக்கரம் காற்றில் தொங்கும்போது மேல் ஆர்ம் காயிலைத் தொடுகிறதா? மேல் பால் ஜாயிண்ட் தன் கோணத்தின் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கோணம் மாற்றிச் செய்த ஆர்ம் வேண்டும், அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும். நான் உயரத்தைக் குறைப்பேன்.

தடி ஆக்சில் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

டிராக் பார். அது ஒரு முனையில் ஃபிரேமையும் மறுமுனையில் ஆக்சிலையும் பிடித்திருக்கிறது. ஃபிரேமை உயர்த்தினால் பார் ஆக்சிலையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஒரு டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டும் மற்றது உள்ளே ஒடுங்கியும் நிற்கும், ஸ்டீயரிங் கோணலாகும். நீளம் மாற்றக்கூடிய டிராக் பாரோ அதன் தாங்கியை இடம் மாற்றும் துண்டோ போட வேண்டும். காஸ்டர் கோணமும், அதாவது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமும், குறையும். தேய்ந்த ரப்பர் புஷ், தளர்ந்த பால் ஜாயிண்ட் இருக்கும் வண்டியில் கிட் பூட்டினால், ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் இரு பக்கமும் வெறிபிடித்தாற்போல் ஆடத் தொடங்கும். அதற்கு ஸ்பேசரைத் திட்டிப் பயனில்லை. தேய்ந்ததை முதலில் மாற்றிவிட்டு உயர்த்துங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயமா? வண்டி நேராகத்தானே ஓடுகிறது?

கட்டாயம். உயரம் மாறினால் கன்ட்ரோல் ஆர்ம்களின் கோணம் மாறும், அதோடு கேம்பர் (சக்கரம் மேலே உள்ளோ வெளியோ சாயும் கோணம்), காஸ்டர், டோ (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மூன்றுமே நகரும். காஸ்டர் குறைந்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். டோ விலகினால் கையில் எதுவும் தெரியாது, டயர்தான் மெல்ல மெல்லத் தேயும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்றும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ தவறு.

கிட் பூட்டிய அன்றே அலைன்மென்டுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் பச்சையில் இருக்கிறது’ என்ற வாய்வார்த்தை போதாது, காஸ்டர் எல்லையின் எந்த ஓரத்தில் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஹெட்லைட் உண்மையிலேயே அவ்வளவு மாறுமா?

சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.6 மீட்டர் உள்ள வண்டி. முன்பக்கத்தை மட்டும் 5 செ.மீ. தூக்குகிறோம். ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1.4 செ.மீ. மேல்நோக்கிய சாய்வு வருகிறது. அதாவது 10 மீட்டர் தூரத்தில் ஒளி 14 செ.மீ. உயர்ந்துவிடும். தாழ் ஒளி வழக்கமாக 10 மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. தாழும்படிதான் வைக்கப்படுகிறது. ஆக அந்தத் தாழ்வு முழுவதுமே போய்விட்டது. விளக்கு நேரே எதிர் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கிறது. இது காலி வண்டிக்கான கணக்கு. பாரம் ஏறினால் இன்னும் மோசம்.

கிட் பூட்டுவதற்கு முன்பே ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம், சுவரில் ஒளியின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு அதே இடத்தில் நிறுத்தி, இரண்டு உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் பழையபடி வரும்வரை விளக்கின் திருகைத் திருப்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பத்து நிமிட வேலை.

கண்ணாடியின் மேலே கேமராவும் முன்னால் ரேடாரும் வைத்துத் தானாகப் பிரேக் போடும் வண்டி என்றால் அவையும் சாய்ந்துவிட்டன என்று பொருள். அவற்றை மறுபடி அளவு திருத்த வேண்டுமா என்பதைக் கிட் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

வண்டிக்கு வண்டி வேறுபடும். எடுத்துக்காட்டாக 265/70ஆர்17 டயரின் உயரம் ஏறத்தாழ 803 மி.மீ., 285/70ஆர்17 டயர் 831 மி.மீ. ஆரத்தில் 14 மி.மீ. கூடுகிறது, உள்ளும் புறமும் 10 மி.மீ. வீதம் அகலமும் கூடுகிறது. மேலே இடம் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். டயர் உரசுவதோ மேலே இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது பின் மூலையில் உள்ள மட் ஃபிளாப்பிலும் ஃபிரேமின் ஓரத்திலும். லெவலிங் கிட் அந்த மூலைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கொடுப்பதில்லை.

இந்த மாற்றத்தில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103.5. அபராதம் கட்டும்போது ‘மீட்டர் 100 தான் காட்டியது’ என்றால் எடுபடாது.

அகலமாக வெளியே நீட்டும் சக்கரம் போட்டால் உரசல் கூடும், வீல் பேரிங்குக்கும் கேடு. இருக்கிற சக்கரத்திலேயே புதிய டயரை ஏற்றி, இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

டிரெய்லர் இழுக்கிறேன். கிட் போடலாமா?

போடலாம், குறைந்த உயரத்தில். இணைப்புக் கொக்கியில் பாரம் இறங்கியதும் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் இலேசாகும். ஸ்டீயரிங் செய்யும் சக்கரத்தின் பிடி குறைவது விளையாட்டில்லை. பாரத்தை முன்னும் பின்னும் பகிரும் இணைப்பு வைத்திருந்தால் அதன் உயரத்தை மறுபடி அளந்து அமைக்க வேண்டும். பின்பக்கத்துக்கு ஏர் பேக் உதவி ஸ்பிரிங் வைப்பது நல்ல துணை. காலியாக இருக்கும்போது காற்றைக் குறைத்து, பாரம் ஏற்றும்போது ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏர் பேக் வண்டியின் பாரம் தாங்கும் எல்லையைக் கூட்டாது. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்தான் அப்போதும் எல்லை.

முன்னால் தூக்காமல் பின்னால் இறக்கினால் என்ன?

பாரம் ஏற்றாதவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான். லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் பிளாக்கைச் சிறிதாக்கினால் பின்பக்கம் இறங்கும். முன் ஆக்சிலின் கோணங்கள் தப்பிக்கும். பின் பம்ப் ஸ்டாப்புக்கு உள்ள இடம் குறையும் என்பதால் இரண்டு மூட்டை ஏற்றினாலே இடிக்கத் தொடங்கும்.

ஆஃப் ரோடு பதிப்பு வாங்கியிருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது. எனக்கு?

ஆஃப் ரோடு பதிப்புகளில் சிலவற்றைக் கம்பெனியே உயர்த்தித்தான் அனுப்புகிறது. சில்வராடோ டிரெயில் பாஸ் இரண்டு அங்குல உயர்வோடு வருகிறது. சாதாரணப் பதிப்புக்கான கிட்டை அதன் மேல் போட்டால் எல்லை தாண்டிவிடும். உங்கள் பதிப்பின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஏர் சஸ்பென்ஷனுக்கும் மின்சாரத்தால் விறைப்பு மாறும் ஷாக்குக்கும் ஸ்பேசர் கிட் பொருந்தாது. உயரத்தை அளக்கும் சென்சார் குழம்பி எச்சரிக்கை விளக்கு எரியும். அவற்றுக்கென்று தனிக் கிட் இருந்தால் மட்டும் பாருங்கள்.

நானே பூட்டலாமா?

மேல் ஸ்பேசர் என்றால், இதற்கு முன் பிரேக்கோ ஷாக்கோ மாற்றிப் பழகியவர் ஒருநாள் விடுமுறையில் முடித்துவிடலாம். உள் ஸ்பேசரும் டார்ஷன் கீயும் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கோடு விளையாடுவது. சரியான கருவி இல்லாமல் தொடாதீர்கள். ஸ்ட்ரட்டின் தலையில் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். சுற்றியுள்ள மூன்று நட்டைத்தான் கழற்ற வேண்டும். நடு நட்டைக் கழற்றினால் அமுங்கிய காயில் விடுபட்டுப் பீரங்கிக் குண்டு போலப் பாயும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கை இரு பக்கமும் கழற்றிவிட்டால் ஆர்ம் எளிதாகக் கீழே இறங்கும். சக்கரம் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைத்து நிற்கின்றனவா என்று விரலால் தட்டிப் பாருங்கள். தளர்வு இருக்க வேண்டும். கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், கடைசி இறுக்கத்தை வண்டி தரையில் நின்ற பிறகே கொடுங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச்சால் ஒரு சுற்றுப் பாருங்கள்.

வாரண்டி போகுமா? சட்டம் தடுக்குமா?

கிட் தொட்ட பாகங்கள் பழுதானால் கம்பெனி கையை விரிக்க வாய்ப்புண்டு. கிட் போட்டதற்கும் பழுதான பாகத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில்தான் வழக்கு நிற்கும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி தேவை. சமமாக்குவதைத் தாண்டி முன்பக்கத்தை வேண்டுமென்றே வானத்துக்குத் தூக்கி ஓட்டும் மோகம் பரவியதால், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2021-இல் முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாமா?

ஸ்பேசர் என்றால் தாராளமாக. பழைய போல்ட், நட் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். டார்ஷன் கீ மாற்றும்போது பழைய அட்ஜஸ்டர் போல்ட் எத்தனை மரை வெளியே நீட்டியிருந்தது என்பதைப் படம் எடுத்துவையுங்கள், திரும்பிப் போக அதுதான் வழிகாட்டி. சில ஸ்பேசர் கிட்டுகள் ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள பழைய போல்ட்டைக் குட்டையாக வெட்டச் சொல்லும். வெட்டிவிட்டால் மறுபடி பழையபடி பூட்டப் போதுமான மரை இருக்காது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பொருத்தும் தாளை வாங்கிப் படித்து, அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழற்றிய பிறகும் அலைன்மென்டும் ஹெட்லைட் திருகும் இன்னொரு முறை உண்டு.